வெளியே வைத்த பை

அந்த பஸ் பட்டறையில் யாரையும் வாயால் சொல்லி வேலையை விட்டு அனுப்பியதே கிடையாது. அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வேலை செய்கிறவர்கள் தங்கள் ஸ்பேனர், சுத்தியல், திருப்புளி எல்லாவற்றையும் ஆளுக்கொரு பையில் போட்டுச் சுவரில் வரிசையாக அடித்திருக்கும் ஆணிகளில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். காலையில் வரும்போது பை உள்ளே ஆணியில் தொங்கினால் வேலை உண்டு. கேட்டுக்கு வெளியே, வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்திலிருக்கும் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்திருந்தால் வேலை இல்லை. எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஏன், எதற்கு என்று கேட்பதற்கில்லை. கேட்டாலும் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது. வாட்ச்மேன் அன்று முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இருபது வருடத்தில் பதினோரு பைகள் அப்படி வெளியே வந்திருக்கின்றன. பதினோரு பேரும் மானஸ்தர்கள். தலையைக் குனிந்துகொண்டு எடுத்துப் போனார்கள். மானத்தை முதலாளிக்கு இவ்வளவு வசதியாக யார் தைத்துக் கொடுத்தார்களோ தெரியவில்லை. பன்னிரண்டாவதாக வெளியே வந்தது அகராதியின் பை.

அகராதி என்பது பட்டறை அவளுக்கு வைத்த பெயர். பிரேக் வேலை பார்க்கிறவள். அங்கே இருந்த இருபத்திரண்டு பேரில் அவள் ஒருத்திதான் பெண். இருபத்து நாலு வயதில் மண்ணெண்ணெய்த் தொட்டியில் சாமான் கழுவுகிற வேலைக்கு வந்து சேர்ந்தாள். இப்போது நாற்பத்து மூன்று. வேலையை யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. தான் கழுவிக் கொடுத்த சாமான் எங்கே போகிறது, எதில் மாட்டுகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்துக்கொண்டு நின்றாள். 'உனக்கெதுக்கு இதெல்லாம், போய்த் தொட்டியைப் பாரு' என்று விரட்டினார்கள். போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து நின்றாள். அப்போதே, 'இவ அகராதி புடிச்சவ' என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது.

அந்தப் பேச்சுக்குப் பொருத்தமாக ஒரு நிஜ அகராதியும் அவள் கையில் வந்து விழுந்தது. ஒரு பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் அவள் கண்டெடுத்த ஆங்கில அகராதி அது. ஆபீஸ் அலமாரியில் மூன்று மாதம் இருந்தது. தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. யாரும் கேட்காத பொருள் கண்டெடுத்தவருக்கு என்பது அங்கே சட்டம். முதல் நாற்பது பக்கம் கிடையாது, கடைசி முப்பது பக்கம் கிடையாது. அதனால் அவளைப் பொறுத்தவரை ஆங்கிலம் என்பது நடுவில் தொடங்கி நடுவிலேயே முடிந்துபோகிற மொழி. தினமும் டீ வேளையில் ஒரு சொல் பார்ப்பாள். முதலில் தமிழில் அர்த்தம் போட்டிருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் அந்தச் சொல் எங்கே பிறந்து எந்தெந்த வாய் வழியாக வந்தது என்று இருக்கும். அவளுக்கு அர்த்தத்தைவிட அந்தப் பொடி எழுத்தின் மேல்தான் ஆசை. எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் 'நைஸ்' என்ற சொல் ஒரு காலத்தில் ஒன்றும் தெரியாத மண்டூகத்தைக் குறித்தது என்று அந்தப் பட்டறையில் வேறு யாருக்குத் தெரியும்? மேனேஜருக்குத் தெரியாது. அவர் மூச்சுக்கு முந்நூறு தடவை 'நைஸ், நைஸ்' என்பார். ஒவ்வொரு தடவையும் இவள் குனிந்து சிரித்துக்கொள்வாள்.

மேனேஜர் முதலாளியுடைய மனைவியின் தம்பி. முதலாளி அவரை மச்சான் என்று கூப்பிடுவார். அதனால் முதுகுக்குப் பின்னால் பட்டறைக்கே அவர் மச்சான்தான். கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். இரும்பைத் தொட்டால் கையைத் துடைத்துக்கொள்வார்.

பிரச்சினை ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஆரம்பித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மச்சான், பஸ்ஸுக்கு அடியில் இறங்கி அவள் வேலை பார்க்கிற குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னம்மா, ஏழு ரெடியா?"

"இல்ல சார். டிரம் போச்சு. மாத்தணும்."

"போன வாரந்தானே லேத்துல கடைஞ்சு கொண்டாந்தோம்?"

"அதனாலதான் சார் போச்சு. இதோட நாலு தடவை கடைஞ்சாச்சு. இனிமே கடையறதுக்கு அதுல இரும்பு இல்ல. உள்பக்கம் மயிரிழை மயிரிழையா வெடிச்சுக் கெடக்கு. நீங்களே கேளுங்க."

சக்கரத்திலிருந்து கழற்றிவைத்த பிரேக் டிரம்மைக் கயிற்றில் தூக்கிச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள். நல்ல டிரம் என்றால் மணி அடித்தது போல ஓசை நீளும். இது விரிசல் விட்ட மண்சட்டி மாதிரி 'டொக்' என்றது.

"புது டிரம் அடுத்த மாசம் வருது. அதுவரைக்கும் ஓடட்டும். நீ கையெழுத்தப் போடு."

"பாலத்துக்கு அந்தாண்ட எவ்வளவு பெரிய எறக்கம்னு தெரியுமில்ல சார்? காலையில பாதி பஸ்ஸு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க."

"ஏன், இத்தனை நாளா ஓடலையா?"

"இத்தனை நாளா ஓடினதாலதான் சார் தேஞ்சிருக்கு."

பிரேக் வேலை பார்த்தவரின் கையெழுத்து இல்லாமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது அங்கே பழைய விதி. பிரேக்குக்கு இவளைத் தவிர வேறு ஆளும் இல்லை. வேலைச் சீட்டில் 'எடுக்கலாம்', 'எடுக்கக் கூடாது' என்று இரண்டு கட்டம் இருக்கும். அவள் இரண்டாவது கட்டத்தில், பேனா தாளைக் கிழித்துவிடும் அளவுக்கு அழுத்தி ஒரு கோடு போட்டு, கீழே கையெழுத்தும் போட்டு நீட்டினாள். மச்சான் "நைஸ்" என்றார். அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை புருஷனோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது மேடையில் அவள் பை இருந்தது. வாட்ச்மேன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புருஷனும் அதே பட்டறைதான். பஸ் சீட்டுக்கு உறை தைக்கிறவர். வாய் திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் நாற்பது தையல் போட்டுவிடுகிற மனுஷன். பையைப் பார்த்ததும் ஸ்கூட்டரைத் திருப்பினார்.

"வா, வீட்டுக்குப் போயிடலாம்."

"உங்க பை உள்ளதானே இருக்கு? நீங்க போங்க. நானும் வர்றேன்."

"அடியே, வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கட்டும். எடுத்து வெளிய வைக்கிறது அவங்க வழக்கம். எடுத்து உள்ள மாட்டறது என் வழக்கம். இன்னையிலேர்ந்து."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக உள்ளே போய்த் தன் ஆணியில் மாட்டினாள். சுத்தியலை எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள்.  வெல்டிங் போடுகிறவர் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். கண்ணாடி அறைக்குள் மச்சான் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து நின்றார்.

பாவம், அவர் என்ன செய்வார்? வழக்கத்தில் இரண்டாவது படி என்று ஒன்று கிடையாது. இருபது வருடத்தில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. வந்து 'வெளியே போ' என்று சொல்லலாம்தான். சொன்னால் 'ஏன்' என்று கேட்பாள். ஏன் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே பதில் குழியின் மேல் சக்கரம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதனால் மறுநாள் காலையிலும் பையை வெளியே வைத்தார். அவள் உள்ளே கொண்டுபோய் மாட்டினாள். வெள்ளிக்கிழமை பையை மேடைக்குப் பக்கத்துக் கேட்டோடு இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டிவைத்திருந்தார்கள். அதை வெட்டுவதற்கு வேண்டிய குறடு அந்தப் பைக்குள்ளேயேதான் இருந்தது. மனுஷனுக்கு மூளை வேலை செய்யாவிட்டால் இப்படித்தான்.

சனிக்கிழமை டீ வேளையில் ஆபீஸ் கிளார்க் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, உங்கள சேக் பண்ணியாச்சாம். திங்கக்கெழம புது பிரேக் ஆளு வர்றாரு. உங்க ஆணி அவருக்காம். முதலாளியும் அன்னைக்கு வர்றாரு. அதுக்குள்ள நீங்களா போயிட்டா மரியாதைன்னு பேசிக்கிறாங்க."

"சேக்குன்னா?"

"வேலைய விட்டுத் தூக்கறது."

"இங்கிலீஷ்ல அதுக்கு வெறும் பைன்னுதானே அர்த்தம்?"

"அதுக்கு இதுவும் ஒரு அர்த்தம்க்கா."

அகராதியைப் பிரித்தாள். நல்லவேளை, அந்தப் பக்கம் கிழியாமல் இருந்தது. அரைப் பக்கத்துக்கு அந்த ஒரே சொல். படிக்கப் படிக்க டீ ஆறிப்போனது. அடுத்த டீயும் ஆறிப்போனது. திங்கட்கிழமை அவள் ஆணி போனால் பிரேக் வேலை மட்டும் போகாது. புது ஆள் கையெழுத்துப் போட்டதும் ஏழாம் நம்பர் அந்த டிரம்மோடு இறக்கத்துக்குக் கிளம்பிவிடும்.  பயம் இல்லை என்று சொன்னால் பொய். வேறு எந்தப் பட்டறை நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணைக் கூப்பிட்டு பிரேக் வேலை கொடுக்கப் போகிறது? ஆனால் அவளுடைய பயத்துக்குப் பின்னங்கால் கிடையாது. அது முன்னால்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் புருஷன் ஆரம்பித்தார்.

"நான் சொல்றதக் கேளு. உன் பை வெளிய வந்துடுச்சு. நீ இப்படியே மல்லுக்கு நின்னா அடுத்தது என் பை. அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

"பாக்கற மாதிரிதான் இருக்கு உங்க மூஞ்சி. அத விடுங்க. இதக் கேளுங்க." அகராதியை மடியில் வைத்துக்கொண்டு விரலால் வரியைப் பிடித்துப் படித்தாள். "ஒண்ணு, முரட்டுத் துணிப் பை. ரெண்டு, வேலைய விட்டு அனுப்பறது. இது எப்படி வந்துச்சுன்னு கீழ போட்டிருக்கான். அந்தக் காலத்துல தொழிலாளிங்க அவங்கவங்க சாமானப் பையில போட்டு மொதலாளிகிட்ட வச்சிருப்பாங்களாம். வேலை இல்லன்னா பையக் கையில குடுத்துருவாங்களாம். அதுலேருந்து வந்திருக்கும்னு நெனைக்கிறாங்களாம்."

தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம பட்டறை மாதிரியே சொல்றே?"

"அதே மாதிரி. எங்கேயோ, என்னைக்கோ. நம்ம மச்சான் அதப் படிச்சிட்டா செய்யறாரு? அவரு எங்க படிக்கப்போறாரு! அநியாயத்துக்குப் பாடப்புத்தகம் வேண்டாம்போல, தானாவே வருது."

"மூணாவது என்ன?"

"படுக்கை."

"அது நல்ல அர்த்தமா இருக்கே. எனக்கு அது போதும்," என்று தலையணையைப் பார்த்தார். அவர் சிரித்து நாலு நாள் ஆகியிருந்தது.

"நாலாவதையும் கேட்டுட்டுப் படுங்க. ஒரு ஊருக்குள்ள பூந்து கொள்ளையடிக்கிறது. அள்ளினதையெல்லாம் பையில போட்டுக் கட்டிட்டுப் போனாங்கல்ல, அதனால. பாருங்க, ஒருத்தியோட வேலையப் புடுங்கறதும் ஒரு ஊரையே கொள்ளையடிக்கிறதும் ஒரே வார்த்தை. நான் சொல்லல, புஸ்தகம் சொல்லுது."

பிறகு பொடி எழுத்துக்கு வந்தாள். அந்தச் சொல் ஆங்கிலத்துக்கே சொந்தம் இல்லை. மிகப் பழைய ஏதோ ஒரு கரையில் முரட்டுத் துணிக்கு வைத்த பெயர். வியாபாரிகள் அந்தத் துணியில் சரக்கைக் கட்டித் துறைமுகம் துறைமுகமாகப் போனார்கள். சரக்கோடு சொல்லும் இறங்கியது. ஒவ்வொரு நாட்டு வாயிலும் கொஞ்சம் தேய்ந்து, கொஞ்சம் நீண்டு வந்து சேர்ந்தது. நாம் சாக்கு என்கிறோமே, அதுவும் இந்தக் கூட்டத்துப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கும் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. துக்கப்பட்டவர்கள் அந்த முரட்டுத் துணியையே உடம்பில் உடுத்திக்கொண்டார்களாம், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

அந்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்துபோய்ப் பையை எடுத்து வந்து சாமான்களைத் தரையில் கொட்டினாள். சனிக்கிழமை சாயங்காலம் அதை ஆணியில் மாட்டாமல் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள்.

"இதப் பிரிச்சு எனக்கு ஒரு ஏப்ரன் தச்சுக் குடுங்க."

"என்னது?"

"பை இருந்தாத்தானே வெளிய வைப்பாங்க? உடுத்திக்கிட்டுப் போறேன். என்ன வெளிய அனுப்பணும்னா வாயத் தொறந்து சொல்லட்டும். ஏன்னும் சொல்லட்டும். எல்லாரும் கேக்கட்டும்."

தையல்காரர் பையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய சீட்டுக் கித்தானில் அவரே தைத்தது. பட்டறையில் இருந்த எல்லாப் பையும் அவர் தைத்ததுதான். பிடிக்கு இரட்டைத் தையல், அடிக்கு மூன்று வரிசை, ஸ்பேனர் குத்திக் கிழியாமல் இருக்க உள்ளே ஒரு ஒட்டு. ஒவ்வொரு தையலாக விரலால் தடவினார்.

"பதினொண்ணும் நான் தச்ச பைதான்," என்றார் கடைசியில். "மேடையில வச்சிருக்கறதப் பாத்துட்டு, தையல் விடாம உறுதியா இருக்குதேன்னு ஒரு தடவை நெனச்சிருக்கேன். அத எடுத்துட்டுப் போறவன் மூஞ்சியப் பாத்ததில்ல."

கத்தரிக்கோலை எடுத்து, முதலில் பிடியின் இரட்டைத் தையலைப் பிரித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் பார்க்காத மாதிரி அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டிரைவர்கள் சாவி வாங்க நிற்கிற நேரம். கேட்டுக்குப் பக்கத்தில் புது பிரேக் ஆள் தன் பையோடு நின்றிருந்தார். முதலாளியின் கார் உள்ளே வந்து நின்றது. மச்சான் ஆணிகள் இருந்த சுவருக்குப் போனார். அவளுடைய ஆணியில் ஒன்றும் இல்லை. மேசைக்கு அடியில் பார்த்தார், அலமாரிக்குப் பின்னால் பார்த்தார். பிறகு அவளிடம் வந்தார்.

"உன் பை எங்கம்மா?"

"போட்டிருக்கேன் சார்."

எல்லாரும் பார்த்தார்கள். கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் பழுப்புக் கித்தான். நெஞ்சுக்கு நேரே சுத்தியலுக்கு ஒரு பட்டை, இடுப்பில் ஸ்பேனர்களுக்கு எட்டுப் பை. அடிப்பக்கத்து ஒட்டு வயிற்றின் மேல் வந்திருந்தது. யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்.

"கிண்டலா பண்றே?"

"இல்ல சார். பைய வெளிய வைக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்கித்தான் வைக்கணும். அது முடியாதுன்னா வாயால சொல்லுங்க. எதுக்காக அனுப்பறீங்கன்னு சொல்லுங்க. சொன்ன உடனே போயிடறேன். பத்தொம்பது வருஷம் வேலை பாத்தவ, ஒரு வார்த்தை கேட்டு வாங்கிட்டுப் போறதுக்கு எனக்குப் பாத்தியதை இல்லையா?"

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். வெள்ளை வேட்டிக்கு ஏற்ற மெல்லிய குரல்.

"என்ன மச்சான், இன்னும் முடியலையா? என்னன்னு சொல்லி அனுப்பேன்."

மச்சான் இரும்பைத் தொடாமலேயே கையைத் துடைத்துக்கொண்டார். பட்டறையில் எந்த இயந்திரமும் ஓடவில்லை. டிரைவர்கள் வட்டமாக நின்றார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக அந்தப் பட்டறையில் யாரும் சொல்லாதது அந்த வாயிலிருந்து வர வேண்டும்.

"அது... ஏழாம் நம்பர் வண்டிக்கு... பிரேக் சரியில்ல, எடுக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிட்டா," என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே காதில் விழுந்தது. ஏழாம் நம்பர் டிரைவர் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார்.

"எப்ப எழுதினாங்க?"

"போன செவ்வாய்க்கெழம," என்றாள் அகராதி.

"பார்ட்ஸ் வரல, ரெண்டு நாள்ல வண்டி வந்துடும்னுதானே சார் எங்கிட்ட சொன்னீங்க?" அன்று வண்டி கிளம்பிவிடும் என்று கொடுத்திருந்த சாவியை டிரைவர் மேசைமேல் வைத்தார். வீசவில்லை. மெதுவாகத்தான் வைத்தார். "நீங்களே ஓட்டுங்க. எறக்கத்துல நான் வேணா கீழ நின்னு பாக்கறேன்."

முதலாளி புது ஆளைப் பார்த்தார். "நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சுது."

புது ஆள் குழிப் பக்கம் போனார். தன் பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். கயிற்றில் தொங்கிய டிரம்மை ஒரே ஒரு தட்டுத் தட்டினார். 'டொக்' என்றது. பட்டறைக்கே கேட்டது. சுத்தியலைத் திரும்பப் பையில் போட்டார்.

"அந்தம்மா கையெழுத்தே சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். மேடை ஏறாமல் தானாக வெளியே போன முதல் பை அது.

முதலாளி கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. 'நீ இரு' என்றுகூட யாரும் சொல்லவில்லை. புதன்கிழமை புது டிரம் வந்து இறங்கியது. அடுத்த மாதம் வருவதாக இருந்தது இரண்டே நாளில் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவள் அதைத் தூக்கிக் கட்டித் தட்டினாள். ஓசை எழுந்து, கூரைத் தகடு வரைக்கும் போய், வெகுநேரம் நின்றது. மாட்டி முடித்து, ஓட்டிப் பார்த்து, முதல் கட்டத்தில் கோடு போட்டுக் கையெழுத்திட்டாள். டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தால் வெல்டிங் போடுகிறவரும் பெயிண்டரும் இன்ஜின் வேலை பார்க்கிறவர் ஒருவரும் நின்றார்கள். மூவர் கையிலும் காலிப் பை.

"அண்ணே இருக்காராக்கா?" என்றார் வெல்டிங்காரர், பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே. "உங்களுக்குத் தச்ச மாதிரியே எங்களுக்கும் வேணும்."

தையல்காரர் இயந்திரத்தின் முன்னால் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பழைய கித்தான் பை. கத்தரிக்கோலின் நுனி அதன் பிடியில் இரட்டைத் தையலுக்குள் நுழைந்திருந்தது.

"உள்ள வந்து உக்காருங்கப்பா," என்றார் தலையைத் தூக்காமல். "மொதல்ல என் பையப் பிரிச்சுக்கறேன்."